கொழுந்துக்கு எந்த வளி? வெப்பமூட்டும், குளிரூட்டும் பொறிகள் தமது செயல்முறையைத் தெரிவு செய்யும் விதம்

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை – விஞ்ஞானம்
மீட்டற் பாடம்: வெப்பமும் கட்டுப்பாடும்

மாணவர்களே,

ஹட்டனில் ஜூலை மாதத்து மாலை நேரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தென்மேல் பருவமழை விடாமல் தூறுகிறது. லொறியில் வந்த கொழுந்து ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏற்றப்படுகிறது. சாக்கிலிருந்து கொட்டும்போதே இலையிலிருந்து நீர் சொட்டுகிறது. அங்கு பொறுப்பாக நிற்பவர் சுவரிற் தொங்கும் இரண்டு வெப்பமானிகளைப் பார்க்கிறார். பின்னர் விசிறியை இயக்கி, அடுப்புப் பக்கத்திலிருந்து சூடான வளி வரும் குழாயின் அடைப்புத் தகட்டைத் திறந்துவிடுகிறார்.

இப்போது அதே இடத்தில் பெப்ரவரி மாதத்து மாலையை நினையுங்கள். வானம் தெளிவாக இருக்கிறது. குளிர்ந்த உலர்ந்த காற்று வீசுகிறது. அதே மனிதர் அதே வெப்பமானிகளைப் பார்க்கிறார். விசிறியை மட்டும் இயக்குகிறார். சூடான வளியின் தகடு மூடியபடியே இருக்கிறது.

இரு நாட்களிலும் கொழுந்து ஒன்று, விசிறியும் ஒன்று. ஆயினும் பொறி இயங்கும் முறை வேறு. எதைப் பார்த்து அவர் முடிவு செய்தார்? இந்த வினாவுக்கு விடை தெரிந்தால், பெரிய கட்டடங்களின் கூரைமேல் இருக்கும் தன்னியக்க வெப்பமூட்டி–குளிரூட்டிப் பொறி எவ்வாறு முடிவு செய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டிலும் படிகள் மூன்றே: அளத்தல், ஒப்பிடல், தெரிவு செய்தல்.

1. கொழுந்தை வாட்டுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்?

பறித்த கொழுந்தின் திணிவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அதை அப்படியே உருட்டினால் இலை நொறுங்கிச் சாறு வழிந்து வீணாகும். எனவே முதலில் வாட்ட வேண்டும். கொழுந்தைக் கம்பி வலை விரித்த நீண்ட வாட்டும் தொட்டியிற் பரப்பி, அடியிலிருந்து விசிறியினால் வளியைச் செலுத்துவார்கள். இலையிலுள்ள நீரின் ஒரு பகுதி ஆவியாகி வளியுடன் வெளியேறும். இலை துவண்டு மெதுமையாகும். பொதுவாக ஓர் இரவுப் பொழுது இதற்குச் செல்லும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு முழு எண்களைக் கொள்வோம்.

தொட்டியிலுள்ள கொழுந்து = 1000 கிலோகிராம்
அதில் நீர் 75 வீதம் = 750 கிலோகிராம்
உலர் பொருள் = 250 கிலோகிராம்

வாடிய பின் நீர் 50 வீதம் எனக் கொண்டால், உலர் பொருள் மாறாதாகையால் நீரும் 250 கிலோகிராமாக இருக்க வேண்டும்.

ஆவியாக வேண்டிய நீர் = 750 – 250 = 500 கிலோகிராம்

சாதாரண வெப்பநிலையில் 1 கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பம் தேவை. இதுவே ஆவியாதலின் தன் மறைவெப்பம். (நீர் 100 பாகை செல்சியஸிற் கொதித்து ஆவியாகும்போது இப்பெறுமானம் ஏறத்தாழ 2260 கிலோயூல் ஆகும்.)

தேவையான வெப்பம் = 500 × 2400 = 1 200 000 கிலோயூல்

அடுப்பைத் திறக்காத பெப்ரவரி மாலையிலும் இவ்வளவு வெப்பம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? கொழுந்தின் ஊடாகச் செல்லும் வளியிலிருந்தே வருகிறது. வளி தன் வெப்பத்தை நீருக்குக் கொடுத்துவிட்டுத் தான் குளிர்ந்து வெளியேறுகிறது.

2. இரண்டு வெப்பமானிகள் சொல்வது என்ன?

சுவரிலுள்ள வெப்பமானிகளுள் ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும். அது உலர்குமிழ் வெப்பமானி. மற்றையதன் குமிழ் ஈரத்துணியாற் சுற்றப்பட்டிருக்கும். அது ஈரக்குமிழ் வெப்பமானி. துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது குமிழிலிருந்து வெப்பத்தை எடுப்பதால் ஈரக்குமிழின் வாசிப்புக் குறைவாக இருக்கும். வளி உலர்ந்திருந்தால் ஆவியாதல் விரைவு. இரு வாசிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது. வளி நீராவியால் நிரம்பியிருந்தால் ஆவியாதல் இல்லை, வேறுபாடு பூச்சியம். இதனை நாம் குமிழ் வேறுபாடு என அழைப்போம்.

ஈரத்துணிக்கு நடப்பதே கொழுந்துக்கும் நடக்கிறது. ஆகையால் வளி கொழுந்தின் ஊடாகச் செல்லும்போது ஏறத்தாழக் குமிழ் வேறுபாட்டின் அளவுக்கே குளிர முடியும். இதை வைத்து முன்னைய கணக்கைத் தொடர்வோம். 1 கிலோகிராம் வளி 1 பாகை குளிரும்போது ஏறத்தாழ 1 கிலோயூல் வெப்பத்தைக் கொடுக்கிறது.

குமிழ் வேறுபாடு 4 பாகை எனின்:
1 கிலோகிராம் வளி கொடுக்கும் வெப்பம் = 4 கிலோயூல்
தேவையான வளி = 1 200 000 ÷ 4 = 300 000 கிலோகிராம்

விசிறி செக்கனுக்கு 7 கிலோகிராம் வளியைச் செலுத்தினால், ஏறத்தாழ 43 000 செக்கன் எடுக்கும். அதாவது ஏறத்தாழ 12 மணித்தியாலம். மாலையில் வந்த கொழுந்து விடியற்காலையில் உருட்டத் தயாராகும்.

குமிழ் வேறுபாடு 2 பாகை எனின்:
தேவையான வளி = 600 000 கிலோகிராம்
நேரம் = ஏறத்தாழ 24 மணித்தியாலம்

இரண்டே பாகை குறைந்ததால் நேரம் இரு மடங்காயிற்று! அதற்குள் அடுத்த நாள் கொழுந்து வந்துவிடும். தொட்டி காலியாக இராது. நீண்ட நேரம் ஈரமாகக் கிடந்த கொழுந்தின் தரமும் குறையும். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, உங்கள் அம்மாவோ அக்காவோ பறித்துக் கொடுத்த கொழுந்து அது. பறித்தவர் கையிற் குறை இல்லாவிட்டாலும், இரவில் எடுக்கப்படும் ஒரு தவறான முடிவு அத்தனையையும் கெடுத்துவிடலாம்.

3. வெப்பமூட்டினால் என்ன மாறுகிறது?

வளியைச் சூடாக்கினால் அதிலுள்ள நீராவி குறைந்துவிடுமா? குறையாது. நீராவியின் அளவு மாறாமலே இருக்கும். ஆனால் சூடான வளி நிரம்புவதற்குக் கூடிய நீராவி வேண்டும். ஆகவே சாரீரப்பதன் குறையும். குமிழ் வேறுபாடு கூடும்.

எடுத்துக்காட்டு: உலர்குமிழ் 16 பாகை, ஈரக்குமிழ் 14 பாகை, வேறுபாடு 2 பாகை. இவ்வளியுடன் சூடான வளியைக் கலந்து 19 பாகைக்கு உயர்த்தினால், ஈரக்குமிழும் சற்று உயர்ந்து ஏறத்தாழ 15 பாகையாகும். வேறுபாடு இப்போது 4 பாகை. மூன்று பாகை சூடாக்கியதற்கு இரண்டு பாகை வேறுபாடு கூடியது. 24 மணித்தியால வேலை மீண்டும் 12 மணித்தியாலத்துக்கு வந்துவிட்டது.

அப்படியானால் எந்நாளும் சூடான வளியையே விட்டால் என்ன? இரண்டு காரணங்களால் அது தவறு. முதலாவது, அவ்வெப்பம் அடுப்பில் எரியும் விறகிலிருந்து வருகிறது. விறகுக்குப் பணம் செலவாகும். இரண்டாவது, அளவுக்கு மீறிச் சூடாக்கினால் இலை சிவந்து பழுதாகும். வாடும்போது இலைக்குள் நடைபெற வேண்டிய இரசாயன மாற்றங்களுக்கும் போதிய நேரம் கிடையாது. பொதுவாக 35 பாகைக்கு மேற்பட்ட வளியைக் கொழுந்துக்கு விடுவதில்லை. சிவந்த இலையை மீண்டும் பச்சையாக்க எவராலும் முடியாது.

4. வாட்டும் தொட்டியின் செயல்முறைகள்

(அ) வெளிவளி முறை: விசிறி மட்டும் இயங்கும். குமிழ் வேறுபாடு ஏறத்தாழ 4 பாகையோ அதற்கு மேலோ இருக்கும்போது இது போதும்.

(ஆ) சூடான வளி முறை: விசிறியுடன் சூடான வளியும் கலக்கப்படும். குமிழ் வேறுபாடு போதாதபோதும், இலையின் மேற்பரப்பில் மழைநீர் இருக்கும்போதும் இது தேவை.

(இ) திசைமாற்று முறை: வளியோட்டம் மேலிருந்து கீழாக மாற்றப்படும். அடியிலுள்ள கொழுந்து முதலில் வாடிவிடுவதால், மேலுள்ளதும் சமமாக வாடும் பொருட்டு இவ்வசதியுள்ள தொட்டிகளில் இதைச் செய்வார்கள்.

(ஈ) ஆற்றும் முறை: சூடான வளியை நிறுத்தி, வெளிவளியை மட்டும் சிறிது நேரம் விடுதல். உருட்டுவதற்கு முன் இலை குளிர்ந்திருக்க வேண்டும்.

(உ) நிறுத்தம்: இலை போதிய அளவு வாடியதும் விசிறி நிறுத்தப்படும்.

இவ்வாறான முறைகளை ஆராயும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925 இல் தொடங்கப்பட்டது. அது தலவாக்கலையில் சென். கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ளது.

5. கொழுந்து இருந்த மாடியில் மனிதர்

கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டுக் கிடந்து, பின்னர் 1990களில் சுற்றுலா விடுதியாக மாற்றப்பட்டது. முன்பு கொழுந்து வாடிய மேல்மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர். மாடி அதுவே, ஆனால் தேவை மாறிவிட்டது. கொழுந்துக்கு வேண்டியது குமிழ் வேறுபாடு. மனிதருக்கு வேண்டியது இதமான வெப்பநிலை, அளவான ஈரப்பதன், தூய வளி. அளக்கும் கணியம் தேவைக்கேற்ப மாறும் என்பதை இங்கு கவனிக்க.

மனிதர் கூடும் பெரிய கட்டடங்களில், குறிப்பாகத் தட்டையான கூரையுடைய பல்பொருள் அங்காடிகளிலும் தொழிற்சாலைகளிலும், வெளிநாடுகளிற் கூரையின்மேல் பெரிய பெட்டி போன்ற பொறியொன்றை வைப்பது வழக்கம். அதனுள் விசிறி, வடிகட்டி, வெளிவளியை உள்ளே விடும் அடைப்புத் தகடு, குளிர்ச் சுருள், அமுக்கி, வெப்பமூட்டி என்பன உள்ளன. இவற்றை ஒரு கட்டுப்படுத்தி இயக்குகிறது. அறையிலுள்ள வெப்பநிலை உணரியின் வாசிப்பை, முன்னரே குறித்த பெறுமானங்களுடன் அது ஒப்பிடும். வெப்பமூட்டல் எல்லை 20 பாகை, குளிரூட்டல் எல்லை 24 பாகை எனக் கொள்வோம்.

அறை 20 பாகைக்குக் கீழ்: வெப்பமூட்டல் முறை.

அறை 20 இற்கும் 24 இற்கும் இடையில்: வெப்பமூட்டலும் இல்லை, குளிரூட்டலும் இல்லை. ஆட்கள் இருந்தால் தூய வளிக்காக விசிறி மட்டும் இயங்கும்.

அறை 24 பாகைக்கு மேல், வெளிவளி போதிய அளவு குளிர்ந்து உலர்ந்துள்ளது: வெளிவளிக் குளிரூட்டல் முறை. அமுக்கி இயங்காது, தகடு அகலத் திறக்கும்.

அறை 24 பாகைக்கு மேல், வெளிவளி ஏற்றதன்று: தகடு தூய வளிக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்திருக்கும், அமுக்கி இயங்கிக் குளிரூட்டும்.

வெளிவளி ‘ஏற்றது’ என எவ்வாறு அறிவது? வெப்பநிலை மட்டும் போதாது. மழை பெய்யும் இரவில் வெளிவளி 22 பாகையாக இருக்கலாம். அறையின் 25 பாகையிலும் அது குறைவுதான். ஆனால் அது நீராவியால் நிரம்பியிருந்தால், அந்நீராவியின் மறைவெப்பத்தையும் அறைக்குள் கொண்டுவரும். ஆகையாற் சிறந்த கட்டுப்படுத்திகள் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்தே ஒப்பிடுகின்றன. ஸ்டோரில் உள்ளவர் இரண்டு வெப்பமானிகளைப் பார்ப்பதற்கும் இதுவே காரணம்.

இடத்தையும் கவனியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. அங்கு இத்தகைய பொறி பெரும்பாலும் வெளிவளியையும் வெப்பமூட்டலையும் தெரிவு செய்யும். கொழும்பின் சராசரி ஏறத்தாழ 27 பாகை. அங்கு அதே பொறியின் அமுக்கி அநேகமாக எந்நேரமும் இயங்கும். பொறி ஒன்றே; அளந்த பெறுமானங்கள் வேறு; ஆகையால் தெரிவும் வேறு.

6. ஏன் உடனுக்குடன் மாறுவதில்லை?

குமிழ் வேறுபாடு 3.9 பாகையானதும் தகட்டைத் திறந்து, 4.1 ஆனதும் மூடினால், இரவு முழுவதும் திறந்து மூடுவதே வேலையாகிவிடும். ஆகவே திறக்கும் எல்லைக்கும் மூடும் எல்லைக்கும் இடையே ஓர் இடைவெளி விடப்படும். கூரைமேல் பொறியில் 20 இற்கும் 24 இற்கும் இடைப்பட்ட வெப்பநிலை வீச்சு அத்தகைய இடைவெளியே. இது இல்லையெனின் ஒரு கணம் வெப்பமூட்டி, மறுகணம் குளிரூட்டி, சக்தியை வீணாக்கும். நின்ற அமுக்கியை உடனே மீண்டும் இயக்காமற் சில நிமிடம் தாமதிப்பதும் இதனையொத்த பாதுகாப்பாகும். குழாய்களில் அமுக்கம் சமப்படாதபோது இயக்கினால் மோட்டர் பழுதடையலாம்.

7. தர்க்கப் படலைகளால் எழுதுதல்

தொட்டிக்குத் தன்னியக்கக் கட்டுப்பாடு அமைப்பதாயின் மூன்று உள்ளீடுகள் வேண்டும்.

அ = 1 : குமிழ் வேறுபாடு 4 பாகையிலும் குறைவு
ஆ = 1 : இலையின் மேற்பரப்பு நனைந்துள்ளது
இ = 1 : வளியின் வெப்பநிலை 35 பாகையிலும் குறைவு

சூடான வளி திறக்க வேண்டிய நிபந்தனை: (அ அல்லது ஆ), அத்துடன் இ.

முதலில் அ, ஆ இரண்டையும் அல்லதுப் படலைக்குக் கொடுக்க வேண்டும். அதன் வெளியீட்டையும் இ-ஐயும் உம்மைப் படலைக்குக் கொடுக்க வேண்டும். இ பூச்சியமானால், மற்றவை எவ்வாறிருந்தாலும் வெளியீடு பூச்சியமே. பாதுகாப்பு நிபந்தனை எப்போதும் உம்மைப் படலையிலேயே வரும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

8. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

• “விசிறி வளியின் வெப்பநிலையைக் குறைக்கும்” என எழுதுதல். விசிறி வளியை நகர்த்தும், ஆவியாதலை விரைவாக்கும். வளியின் வெப்பநிலையை அது தானாகக் குறைப்பதில்லை.

• “வெப்பமூட்டினால் நீராவி நீங்கும்” என எழுதுதல். நீங்குவதில்லை, சாரீரப்பதன் மட்டுமே குறைகிறது.

• “குளிரூட்டி குளிரை உண்டாக்கும்” என எழுதுதல். அது அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே சேர்க்கிறது.

• வாடிய கொழுந்தின் கணக்கில் 75 இலிருந்து 50 ஐக் கழித்து, 25 வீத நீர் நீங்கியது என எழுதுதல். உலர் பொருள் மாறாது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

9. பயிற்சி வினாக்கள்

1. உலர்குமிழ் 18 பாகை, ஈரக்குமிழ் 13 பாகை. இலையில் மழைநீர் இல்லை. எச்செயல்முறை பொருத்தமானது? காரணம் தருக.

2. 600 கிலோகிராம் கொழுந்தில் நீர் 75 வீதம். வாடிய பின் நீர் 60 வீதம். நீங்கிய நீரின் திணிவைக் காண்க.

3. மேலே 5 ஆம் பகுதியிற் கூறிய பொறியின் அறை வெப்பநிலை 26 பாகை. வெளிவளி (i) 16 பாகை, உலர்ந்தது (ii) 29 பாகை. ஒவ்வொன்றிலும் தெரிவு செய்யப்படும் முறை யாது?

4. 7 ஆம் பகுதியின் உண்மை அட்டவணையை வரைக. எத்தனை நிரைகளில் வெளியீடு 1 ஆகும்?

5. ஈரக்குமிழின் துணி காய்ந்துபோயிற்று. இதைக் கவனியாத ஒருவர் மழை நாளில் என்ன முடிவெடுப்பார்? அதன் விளைவு யாது?

விடைகள்

1. குமிழ் வேறுபாடு 5 பாகை. 4 பாகையிலும் கூடியது. இலையும் நனையவில்லை. ஆகவே வெளிவளி முறை.

2. உலர் பொருள் 150 கிலோகிராம். இது வாடிய கொழுந்தின் 40 வீதம். வாடிய கொழுந்து = 150 ÷ 0.4 = 375 கிலோகிராம். நீங்கிய நீர் = 600 – 375 = 225 கிலோகிராம்.

3. (i) வெளிவளிக் குளிரூட்டல் (ii) அமுக்கியினாற் குளிரூட்டல்.

4. மொத்தம் 8 நிரைகள். அவற்றுள் 3 நிரைகளில் வெளியீடு 1.

5. துணி காய்ந்தால் இரு வெப்பமானிகளும் ஒரே வாசிப்பைக் காட்டும்; வேறுபாடு பூச்சியம் எனத் தோன்றும். அவர் சூடான வளியைத் திறப்பார். மழை நாளாகையால் அம்முடிவு தற்செயலாகச் சரியாகலாம். ஆனால் கொழுந்து போதிய அளவு உலர்ந்த பின்னும், வானம் வெளுத்த பின்னும் வாசிப்பு மாறாது. அவரும் தகட்டை மூடமாட்டார். விறகு வீணாகும், இலை அளவுக்கு மீறி வாடும்.

ஐந்தாம் வினாவை இன்னொரு முறை வாசியுங்கள். ஒப்பிடுபவர் திறமையானவர், தெரிவும் விதிப்படியானது. ஆயினும் அளவீடு பிழைத்ததால் எல்லாம் பிழைத்தது. ஆகவே கட்டமைப்பு வினாவில் “முதலிற் செய்ய வேண்டியது யாது?” எனக் கேட்டால், “கருவியின் வாசிப்பு சரியானதா எனப் பார்த்தல்” என்பதே விடையின் முதல் வரியாக இருக்கட்டும்.

உங்கள் தோட்டத்து ஸ்டோருக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், டீ மேக்கரிடம் அனுமதி பெற்று மேல்மாடிக்குச் சென்று பாருங்கள். இரண்டு வெப்பமானிகளையும் வாசித்து, வேறுபாட்டைக் கணித்து, எம்முறை தேவை என நீங்களே முடிவு செய்யுங்கள். பின்னர் அங்கு தகடு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா எனப் பாருங்கள். உங்கள் முடிவும் அவர்கள் முடிவும் ஒன்றாயின், இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது. வேறாயின், காரணத்தை அவரிடமே கேளுங்கள். நீங்கள் கவனியாத ஈர இலை ஒன்று அங்கே இருந்திருக்கக்கூடும்.